கதை கேட்க வேண்டாம், ஆச்சி

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 63. தை மாதம் இளைய மகனுக்குக் கல்யாணம். அதற்காக எங்கள் பழைய வளவு வீட்டுக்கு வர்ணம் பூசும் வேலை நடக்கிறது. வேலைக்கு வருபவர் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். ஆறு வருடமாகத் தெரியும். வீட்டில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. சென்ற மாதம் அவர் உள்ளறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஆள் இருப்பது தெரியாமல் காவல்காரர் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். ஐந்து நிமிடம்கூட இராது. திறந்து பார்த்தால், மூலையில் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கிறார். என்னையே யாரென்று தெரியாமல் பார்த்தார். அன்று மாலை முகப்பில் உட்கார்ந்து, இலங்கையில் தன்னைப் பிடித்து வைத்து என்னென்ன செய்தார்கள் என்று சொன்னார். மனைவிக்கே முழுதாகத் தெரியாதாம். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். தூக்கம் இல்லை, பாதம் எரிகிறது என்கிறார். கொஞ்சம் குடியும் உண்டு. குறி சொல்லும் கோடாங்கியிடம் காட்டலாம் என்கிறார்கள் எங்கள் வீட்டில். எங்கள் மகளிர் சங்கத்தில் வேறு யோசனை. மதுரையிலிருந்து ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்து, முகாமில் இப்படி அடிபட்டவர்களை எல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டி, மனம்விட்டுப் பேச வைத்து, வேட்டி புடவை கொடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறோம். பத்திரிகைக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேசினால் பாரம் குறையும் அல்லவா? அப்பச்சியைப் பெற்ற எங்கள் ஐயாவும் (தாத்தா) 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்தான். அகதி படும் பாடு எங்களுக்கும் தெரியும். மீதி வேலைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஊரில் எல்லோரும் உங்களை ஆச்சி என்றே கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

ஆச்சி, உங்கள் கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டேன். அவர் பெயர், முகாமின் பெயர், எந்த ஆண்டு எங்கே பிடிபட்டார், யார் பிடித்தார்கள், என்ன செய்தார்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர் அதைச் சொன்னது உங்களிடம். என்னிடம் சொல்லவில்லை, இதைப் படிப்பவர்களிடமும் சொல்லவில்லை. எனக்கு எழுதப் போவதாக அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் மன்னியுங்கள். கேட்கவில்லை என்றால், முதல் வேலையாக அவரிடம் போய், "உங்களைப் பற்றி ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன், அவர் உங்கள் பெயரையும் நடந்த விவரத்தையும் வெளியிடவில்லை" என்று சொல்லிவிடுங்கள். பிறகு அவருக்கு வேறு வழியில் தெரியவந்தால், ஆறு வருட நம்பிக்கை அன்றோடு போய்விடும். மகளிர் சங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அவர் வேலைக்கு வராததற்குப் பூட்டிய கதவு மட்டும் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்று மாலை சொன்னதும் ஒரு காரணம். அந்த வேகத்தில் எல்லாம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்ற கூச்சமும் பயமும் பிடித்திருக்கும். மனநல மருத்துவராக இத்தனை வருட வேலையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கொட்டியவர் இரண்டாம் நாள் வருவதில்லை.

உள்ளறையில் நடந்தது பேயும் இல்லை, பாசாங்கும் இல்லை. நமக்கு ஒரு பழைய துன்பம் நினைவுக்கு வந்தால், அது பழையது என்பதும் கூடவே தெரியும். சித்திரவதைப்பட்டவருக்கு அந்த வேறுபாடு சில நேரம் அறுந்துபோகும். பூட்டின் சத்தம் கேட்ட நொடியில் அவர் உங்கள் வீட்டில் இல்லை, அங்கே இருந்தார். சத்தம் மட்டும் என்றில்லை, வாசனையும் இப்படி இழுத்துக்கொண்டு போகும். பெட்ரோல் ஊற்றிய பையையோ மிளகாய்த் தூள் போட்ட பையையோ தலையில் கவிழ்ப்பது, இலங்கைச் சித்திரவதைகள் பற்றிய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிற முறை. அவருக்கு அது நடந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் மூடிய அறையில் தின்னர் நெடியும், கல்யாண வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடியும் சிலருக்கு என்ன செய்யும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு முறை அப்படி ஆனால், பின்னாலிருந்து தொடாதீர்கள், கூட்டம் போடாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். தண்ணீரை வைத்தும் வதைத்திருக்கிறார்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, அவர் பார்வை படும் இடத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள்: "நீங்கள் காரைக்குடிப் பக்கம் இருக்கிறீர்கள். இது ஆச்சி வீடு. இன்றைக்குப் புதன்கிழமை. கதவு திறந்திருக்கிறது." முற்றத்துக்கு அவராக வர முடிந்தால், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உள்ளங்கையை வைத்துக் குளிர்ச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லில் என்னென்ன நிறம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் வர்ணக்காரர், நம்மைவிட நன்றாகச் சொல்வார். மனத்தை இந்த இடத்துக்கும் இந்த நாளுக்கும் திருப்பிக் கொண்டுவருகிற வேலை அது, மந்திரம் ஒன்றும் இல்லை.

பாதம் எரிகிறது என்கிறாரே, அதைச் சும்மா விடாதீர்கள். உள்ளங்காலில் அடிப்பது உலகம் முழுவதும் வதைக்கூடங்களில் நடப்பது. வெளியே பெரும்பாலும் தழும்புகூட இராது. உள்ளே குதிகாலின் மெத்தை போன்ற கொழுப்புப் பகுதி சிதைந்து, நரம்பும் பழுதாகி, இருபது முப்பது வருடம் கழித்தும் நடந்தால் வலிக்கும், படுத்தால் எரியும். சர்க்கரை நோயிலும் பாதம் எரியும் என்பதால் அதையும் பரிசோதிக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களுக்குத் தோள் நரம்பு பழுதாகலாம். ரோலரைத் தலைக்கு மேல் தூக்கும்போது அவருக்குத் தோள் கடுக்கிறதா என்று வேலை விஷயமாகவே கேட்கலாம். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால் முகம் சுளிப்பவர்கள், பிசியோதெரபிக்கு என்றால் வருவார்கள். உடம்பு வழியாக உள்ளே போன துன்பம் உடம்பு வழியாகவே கொஞ்சம் வெளியேறுவதை நான் கண்டிருக்கிறேன். மருத்துவரிடம் முழு விவரம் வேண்டாம். "காவலில் அடிபட்டவர், திடீரென்று தொடாமல் சொல்லிவிட்டுத் தொடுங்கள்" என்று அவர் அனுமதியோடு ஒரு வரி போதும். ஈசிஜி எடுக்க உடம்பில் வயர் ஒட்டுவதுகூட, மின்சாரம் பாய்ச்சப்பட்டவருக்கு வேறு பொருள் தரும்.

இனி உங்கள் மண்டபக் கூட்டம். ஆச்சி, வேண்டாம்.

ஈழத்தில் பேசுவதைக் கதைப்பது என்பார்கள். "வாங்கோ, இருந்து கதைப்போம்" என்றால் உட்கார்ந்து பேசலாம் என்று பொருள், அவ்வளவுதான். நாமோ அவர்களிடம் கதை கேட்கப் போகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உதவ வருகிற பலர் வழுக்கி விழுகிறார்கள், நான் உட்பட. ஓர் அறை, எதிரே முன்பின் தெரியாதவர், கையில் நோட்டு, "நடந்ததைச் சொல்லுங்கள்" என்ற குரல். இதை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறார்கள். அதற்கு அங்கே விசாரணை என்று பெயர்.

பேசினால் பாரம் குறையும் என்பது பாதி உண்மை. பெரும் ஆபத்திலிருந்து மீண்டவர்களை ஒரே அமர்வில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் பயன் இல்லை என்று தெரிந்தது. சிலருக்கு அதனால் நிலைமை மோசமானது. இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர், பல வாரங்கள், பிறந்த நாள் முதல் வாழ்க்கை முழுவதையும் வரிசையாகச் சொல்ல வைத்து, நல்லதும் கெட்டதுமாக அதைக் கோத்துக்கொடுக்கும் சிகிச்சை உண்டு. அது பலன் தருகிறது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரும் கடலும் சேர்ந்து தாக்கிய 31 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு இந்தக் கதை சொல்லும் சிகிச்சை, மீதிப் பேருக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. சின்ன ஆய்வுதான். இருந்தாலும், கதையைப் பிடுங்கினால்தான் குணமாகும் என்று நம்புகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். மேடை போட்டு, போட்டோ எடுத்து, புடவை கொடுத்துப் பேச வைப்பதற்கு எந்த ஆய்வும் துணை வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. முகாமில் எல்லோரும் ஒரே துன்பம் பட்டவர்கள், கூட்டி வைத்தால் ஒருவருக்கொருவர் ஆறுதல் என்று நினைக்கிறீர்கள். ஈழத்தில் "தலையாட்டி" என்று ஒரு சொல் உண்டு. சுற்றி வளைத்து ஊரையே வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோவார்கள். அந்த மூடிக்குள் இருந்தவன் பெரும்பாலும் அதே ஊர்க்காரன், அவனும் அடி தாங்காமல் அங்கே வந்து உட்கார்ந்தவன். சித்திரவதை உடம்பை மட்டும் உடைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன்மீது இருக்கும் நம்பிக்கையை உடைப்பதுதான் அதன் பெரிய வேலை. அரசுப் படைகளிடம் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், ஆயுத இயக்கங்களின் பிடியில் இருந்தவர்களும் இருக்கிறார்கள், 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்தியப் படையைப் பற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் ஒரே முகாமில், ஒரே குழாயடியில் நிற்கிறவர்கள். யார் முன்னால் எதைச் சொல்லலாம் என்ற கணக்கு அவர்களுக்கு உண்டு, நமக்குத் தெரியாது. பெண்களுக்கு நடந்தது போலவே ஆண்களுக்கும் பாலியல் வதை நடந்திருக்கிறது. அதை மண்டபத்தில் யார் சொல்வார்?

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை நெடுங்காலமாக எழுதிவருகிறார். போர் தனி மனிதர்களை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது, எனவே சிகிச்சையும் ஊர் அளவில் வேண்டும் என்பது அவர் பார்வை. நோயாளிகள் ஆயிரக்கணக்கில், மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த இடத்தில் அவரும் உடன் இருந்தவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராமத் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சிக்கு அவரவர் சமயத்துச் சொல்லையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சைவருக்கு ஓம், கிறித்தவருக்கு இயேசு நாமம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவள ஆலோசனை நிலையம் அந்தக் காலத்தில் முளைத்ததுதான். இங்கே தமிழ்நாட்டு முகாம்களில் 1984 முதல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது. அதில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அகதிகளே. நீங்கள் யாரையாவது வரவழைக்க நினைத்தால், மதுரைக்கு முன்னால் முகாமுக்குள்ளேயே விசாரியுங்கள். பாலர் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர், எல்லோரும் போய் நிற்கும் ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார்கள்.

என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு முகாமில் நாங்கள் குழு ஆலோசனை தொடங்கினோம். முதல் வாரம் பதினோரு பேர், இரண்டாம் வாரம் மூன்று பேர், மூன்றாம் வாரம் நாங்கள் மட்டும். வந்தவர்களிடம் நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அறிக்கைக்கு வேண்டும் என்று. முகாமில் ஆள் கணக்கு எடுப்பதும் நோட்டில்தான், போலீஸ் விசாரிப்பதும் நோட்டோடுதான். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் அங்கே இருந்த ஒரு பெண். "ஆலோசனை வேண்டாம், சனிக்கிழமை சாயந்தரம் வந்து புட்டவிக்க உதவி செய்யுங்கள்" என்றார். செய்தோம். தேங்காய் துருவிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவது எளிது. ஆண்கள் வாலிபால் கம்பத்தை நட்டார்கள். எட்டு மாதம் யாரும் பழையதை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ஒருவர், "எனக்கு இரவில் ஏலாது" (முடியவில்லை) என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னொருவர் "எனக்கும்தான்" என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்காக எட்டு மாதம் காத்திருக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். அன்றிலிருந்துதான் அது குழு.

ஆகவே உங்கள் சங்கத்துக்கு ஆர்வம் இருந்தால், ஒரு நாள் கூட்டத்துக்கு வைத்திருக்கும் பணத்தை ஒரு வருடத்துக்குப் பிரியுங்கள். என்ன செய்வது என்பதை முகாமில் இருப்பவர்கள் முடிவு செய்யட்டும். இங்கே பெண்கள் ஓலைக் கொட்டான் பின்னுகிறார்கள். முகாமில் யாருக்காவது பனையோலை வேலை தெரிந்திருந்தால் சொல்லிக்கொடுக்க அழையுங்கள், கற்றுக்கொள்ளப் போங்கள். கொடுக்கிறவர் எப்போதும் நீங்கள், வாங்குகிறவர் எப்போதும் அவர்கள் என்று இருக்கக் கூடாது. வாரம் தவறாமல், சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும், நடுவில் எழுந்து போகிறவரை ஏனென்று கேட்கக் கூடாது. வதைப்பட்டவருக்கு அங்கே நேரமும் இல்லை, கதவும் இல்லை, இல்லை என்று சொல்லும் உரிமையும் இல்லை. இவற்றைச் சின்னச் சின்னதாகத் திருப்பிக் கொடுப்பதைத்தான் நான் சிகிச்சை என்கிறேன். பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மனத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, குடும்பத் தலைவருக்கு மாத உதவித் தொகையை 1,500 ரூபாயாக உயர்த்தியது, புது வீடுகளும் கட்டித் தரத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை; சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் இன்னும் உறுதி செய்யவில்லை. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவரைப் பார்த்து "யோசிக்காமல் தூங்குங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கையிலோ சான்றிதழிலோ சிக்கல் இருந்தால், தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் கூடப் போய் நில்லுங்கள். சீருடையையும் கவுண்டரையும் கண்டு நடுங்குகிறவருக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி நிற்பது நான் எழுதித் தரும் மாத்திரைக்குக் குறைந்ததில்லை.

மாத்திரை என்றதும் ஒன்று. அவர் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள். அல்பிரசோலம் போன்றவை பழகிவிடும்; குடியோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் "ஒவ்வொரு நபருக்கும்" என்கிறது, குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. கொடுக்கும் மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே நிறுத்திவிடக் கூடாது. வாழ்க்கை போதும் என்று பேசினால், குடி கூடினால், மனைவிமேல் கை நீட்டினால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவர் மனைவியையும் தனியாக ஒருமுறை பாருங்கள். அவர் கணவன் சொன்னதை நீங்கள் சொல்லக் கூடாது. அவருக்குத் தூக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கோடாங்கி விஷயத்தில் நான் உங்கள் வீட்டாரோடு சண்டைக்கு வரமாட்டேன், அவராக விரும்பினால். அடிப்பது, கட்டிப்போடுவது, புகை போடுவது என்று இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கோயில் வேறு. தடுப்புக் காவலிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் நேர்த்திக்கடனுக்குத் தூக்குக் காவடி எடுப்பதை வட இலங்கையில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வலியை இந்த முறை தானே தேர்ந்தெடுத்து, ஊர் பார்க்க, தெய்வத்துக்குக் கொடுப்பது. எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் இல்லை. மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க முகாமிலிருந்து வருபவர்கள் இருந்தால், அந்த வரிசையில் நீங்களும் நில்லுங்கள்.

உங்கள் ஐயாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சாகும்வரை இரவு மூன்று முறை எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பார், பர்மா வழியில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாரும் அவரைச் சொல் என்று வற்புறுத்தவில்லை. ஆயா (பாட்டி) எழுந்து விளக்கைத் தூண்டிவிட்டு, கூடவே வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார் என்று ஒரு வரி இருந்தது. வெட்டியதிலிருந்து அதை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்ட வரி அதுதான்.

கடைசியாக, மீதி வேலைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைக் கேளுங்கள். உள்ளறை வேண்டாம், முகப்பும் திண்ணையும் மட்டும் செய்கிறேன் என்றால் அப்படியே செய்யட்டும். உள்ளறையையும் செய்கிறேன் என்றால், பூட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தின்னர் இல்லாத வர்ணமாக வாங்குங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வருத்தப்பட்டும் காட்ட வேண்டாம். அன்றைக்குப் பாதி நாளோடு வேலை நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். முழு நாள் கூலியைக் காவல்காரரிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.